பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் அறம் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரிகளில் தொழில் அறம் என்பது பெரும்பாலும் யார் தலையிலாவது வந்து விழும் பாடம். விரும்பிக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. எனக்கும் அப்படித்தான் வந்தது. அப்புறம் விட மனமில்லாமல் பல ஆண்டுகள் நடத்தினேன். இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் இங்கே.

இருபது வயதுப் பிள்ளைக்கு நேர்மையைச் சொல்லித்தர முடியுமா? அது வீட்டிலேயே வந்திருக்க வேண்டாமா?

நேர்மையைச் சொல்லித்தர நான் முயல்வதே இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள். பொய் சொல்வது தப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்குப் பழக்கமில்லாதது வேறு. வேலையிடத்தில் அறச்சிக்கல் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வராது. "இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் விட்டுவிடலாமா, சரக்கு நாளைக்குப் போயாக வேண்டும்" என்று சாயங்கால நேரத்தில், எல்லாருக்கும் பிடித்த ஒரு மேலாளரின் வாயிலிருந்து வரும். கேட்கும்போது அது கால அட்டவணைப் பிரச்சினை போலத்தான் இருக்கும். அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று உடனே உறைக்க வேண்டும். உறைத்தபின் அந்த மனிதரிடம் முகம் சுளிக்காமல் என்ன பதில் சொல்வது, அதை எழுத்தில் எப்படி வைப்பது என்றும் தெரிய வேண்டும். இதையெல்லாம் பழக்கலாம். சைக்கிள் பழக்குவது போலத்தான். பலமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆய்வகத்திலிருந்து. பெரிய விபத்துகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவை மாணவர்களுக்கு வேறு யாருக்கோ, எங்கேயோ நடந்தவை.

ஒருமுறை ஒரு காரியம் செய்தேன். ஒரு கம்பியை இரு முனையிலும் தாங்கி, நடுவில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று டயல் கேஜில் பார்த்து, அதிலிருந்து யங் குணகத்தை, அதாவது பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண்ணை, கணக்கிடும் சோதனை. எஃகு என்றால் விடை சுமார் 200 கிகாபாஸ்கல் வர வேண்டும். எல்லா மாணவருக்கும் இந்த எண் மனப்பாடம். நான் எஃகுக் கம்பிகளை எடுத்துவிட்டு, அதே அளவில் பித்தளைக் கம்பிகளுக்குச் சாம்பல் நிற பெயின்ட் அடித்து வைத்தேன். பித்தளைக்கு அந்த எண் ஏறக்குறைய பாதிதான். அதாவது அதே எடைக்குக் கம்பி இரண்டு மடங்கு வளையும்.

எட்டுக் குழுக்கள் சோதனையைச் செய்தன. ஏழு குழுக்களின் ரெக்கார்டு நோட்டில் 195, 201, 198 என்று அழகழகான எஃகு விடைகள். ஒரு குழு மட்டும் மணி அடித்தும் போகாமல் நின்றது. அதில் ஒரு பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "சார், எங்களுக்குத் தப்பாக வருகிறது, மூன்று தடவை செய்து பார்த்துவிட்டோம்" என்றாள். அவர்கள் எழுதியிருந்த விடை 103.

அடுத்த வகுப்பில் கம்பியைச் சுரண்டிக் காட்டினேன். முதலில் சிரிப்பு, அப்புறம் நல்ல அமைதி. யாரையும் தண்டிக்கவில்லை, தண்டிக்கும் தகுதியும் எனக்கில்லை. ஏனென்றால் அதுவரை நான் மதிப்பெண் போட்டதே விடை 200-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான். ரீடிங்கை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதன்பின் முறையை மாற்றினேன். ரீடிங்குகள் நேரடியாகப் பேனாவில், சோதனை நடக்கும்போதே அப்சர்வேஷன் நோட்டில் ஏற வேண்டும். தப்பென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். வெள்ளை மை கூடாது. அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். எதிர்பார்த்த விடை வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று எழுதும் பத்திக்கு விடையைவிட அதிக மதிப்பெண். தொழில் அறப் பாடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தொழில் நெறி விதிகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருமுறை வாசிக்கட்டும், வரிசையைக் கவனிக்கட்டும், போதும். அமெரிக்காவின் தேசியத் தொழில்முறைப் பொறியாளர் சங்கத்தின் நெறித்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களின் பாதுகாப்பு, உடல்நலம், நலன் ஆகியவையே தலையானவை என்பதுதான் முதல் விதி. வேலை கொடுத்தவருக்கும் வாடிக்கையாளருக்கும் விசுவாசமாக இருப்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. பல நாட்டுத் தொகுப்புகளிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். தகவலை ரகசியமாக வைத்திரு என்றும் விதி இருக்கிறது, ஆபத்தைச் சொல் என்றும் விதி இருக்கிறது. இரண்டும் மோதினால் என்ன செய்வது என்பதற்குத்தான் அந்த வரிசை. இதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

எல்லாரும் சேலஞ்சர் கதையையே சொல்கிறார்களே, அலுத்துவிட்டதே?

சொல்கிற விதம்தான் அலுப்பு. வழக்கமாகச் சொல்வது இது: 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் மோட்டார் செய்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே வேண்டாம் என்றார்கள். குளிரில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் இறுகிப்போய்ச் சரியாக அடைக்காது என்றார்கள். மேலாளர்கள் கேட்கவில்லை. நல்ல பொறியாளர், கெட்ட மேலாளர், கதை முடிந்தது.

மாணவர்கள் தலையாட்டுவார்கள். எல்லாரும் தங்களை அந்த நல்ல பொறியாளர் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் எதுவும் உறுத்தாது.

இரண்டு இடங்களில் நிறுத்துங்கள். முதலாவது, அந்த இரவுக் கூட்டத்தில் பேசப்பட்ட தரவு. ஓ-ரிங்கில் சேதம் ஏற்பட்ட பயணங்களின் வெப்பநிலையை மட்டும் பார்த்தார்கள். அதில் குளிரிலும் சேதம் இருந்தது, வெயிலிலும் சேதம் இருந்தது. போக்கு ஒன்றும் தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால்? விசாரணைக் குழு பின்னால் சேர்த்துப் பார்த்தது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பயணங்களிலும் பிரச்சினை. 66-லும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டும்தான். இந்தத் தரவை முதலில் முழுசாகச் சொல்லாமல், சேதமான புள்ளிகளை மட்டும் கொடுத்து, "ஏவலாமா வேண்டாமா, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஏவலாம் என்று பலர் சொல்வார்கள். அப்புறம் மீதிப் புள்ளிகளைப் பலகையில் வையுங்கள்.

இரண்டாவது இடம், தையோகாலில் பொறியியல் பிரிவின் துணைத்தலைவராக இருந்த பாப் லண்ட். முதலில் அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். மூத்த அதிகாரி அவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் மாறினார். எதிர்த்து நின்ற ராஜர் போஜாலியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது சுலபம். லண்ட் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அவர்களில் பலர் உட்காரப்போவது அந்த நாற்காலியில்தான்.

கட்டடத் துறை மாணவர்களுக்குப் பொருத்தமான உதாரணம்?

கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல். 1981 ஜூலை 17 அன்று அதன் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் மேல் பாலமும் கீழ்ப் பாலமும் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போடுவது சிரமம் என்பதால், செய்யும் இடத்தில் இரண்டு துண்டாக்கும் யோசனை வந்தது. கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. கேட்க ஒன்றும் தப்பாகத் தெரியாது.

இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிடக் கயிறு கொண்டு போங்கள். உறுதியான உத்தரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு மாணவர்களை மேலும் கீழுமாக அதே கயிற்றைப் பிடித்துத் தொங்கச் சொல்லுங்கள். கீழே கால் எட்டும் உயரம் போதும். இரண்டு பேரும் தன் எடையைத் தான் தாங்குகிறார்கள். இப்போது கீழே உள்ளவன் கயிற்றை விட்டுவிட்டு மேலே உள்ளவனின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். மேலே இருப்பவன் முகத்தைப் பாருங்கள்! கயிற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை. அவன் கைப்பிடிக்கு மட்டும் இரண்டு மடங்கு. மேல் பாலத்தைக் கம்பியில் தாங்கிப் பிடித்த நட்டுக்கு நடந்தது இதுதான்.

பிறகு அறக் கேள்விக்கு வாருங்கள். மாற்றிய வரைபடத்தில் வடிவமைப்பு நிறுவனத்தின் ஒப்புதல் முத்திரை இருந்தது. ஆனால் அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. வடிவமைத்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று செய்தவர்களும், செய்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று வடிவமைத்தவர்களும். பொறுப்பாளிகளான இரண்டு பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. கையெழுத்து என்றால் என்ன என்று நடத்த இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. முதலில் வரைந்த வடிவமே கட்டட விதி கேட்கும் வலுவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். 'அந்த மாற்றம்தான் எல்லாத்துக்கும் காரணம்' என்று நிம்மதியாக முடித்தவர்கள் மறுபடி நிமிர்ந்து உட்காருவார்கள்.

கம்ப்யூட்டர் மாணவர்கள், "எங்கள் வேலையில் யாரும் சாவதில்லை" என்கிறார்களே?

தெராக்-25 என்று எழுதிப் போடுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். பழைய மாடல்களில் தனியாக ஒரு மின்-இயந்திரப் பூட்டு தடுத்துக்கொண்டிருந்தது. புதியதில் அதை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். பழைய மென்பொருளிலும் பிழை இருந்திருக்கிறது, பூட்டு மறைத்திருந்தது. பழகிக் கை வேகமான ஆபரேட்டர், தப்பாக அடித்ததைச் சட்டென்று திருத்தினால், சில விநாடிகளுக்குள் திரையும் இயந்திரமும் வேறு வேறு நிலையில் இருக்கும். ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும் உட்கார்ந்து, மறுபடி மறுபடி வேகமாக அடித்துப் பார்த்து, அந்தப் பிழையை வரவழைத்துக் காட்டினார்கள். அதுவரை அப்படி நடக்கவே முடியாது என்பதுதான் நிறுவனத்தின் பதில்.

நேரடியாகச் சாவு வராத உதாரணம் வேண்டுமென்றால் 2015-ல் வெளியான ஃபோக்ஸ்வாகன் விவகாரம். சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் நிரல். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில். அமெரிக்க நீதிமன்றம் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறை கொடுத்தது. 'மேலே சொன்னார்கள், செய்தேன்' என்பது எதுவரை செல்லும் என்று கேட்கிறவர்களுக்கு இது போதும்.

முறைகேட்டைக் கண்டால் வெளியே சொல்லிவிடு என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

லேசாகச் சொல்லக் கூடாது. வேலை போகும், துறையிலேயே பேர் கெடும். வீட்டுக் கடன் கட்டுகிறவனிடம் வீரவசனம் பேசுவது நமக்கு எளிது. சொல்லவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். வெளியே போவதற்கு முன் உள்ளே ஏறக்கூடிய படிகள் பல இருக்கின்றன; பெரும்பாலோர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் படிகளைத்தான் பழக்க வேண்டும்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்ட 82-வது விநாடியில் ஒரு நுரைத்துண்டு கழன்று இறக்கையில் மோதியது. சேதத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், மேலிடம் மறுத்தது. நாசா பொறியாளர் ஒருவர் இது தவறான முடிவு, ஏறக்குறையப் பொறுப்பற்றது என்று கடுமையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். அச்செடுத்துச் சக ஊழியரிடம் காட்டினார். அனுப்பவில்லை. அதிகார வரிசையைத் தாண்ட வேண்டாம் என்று நினைத்தார். பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் திரும்பும் வழியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

என் வகுப்பில் பயிற்சி இது: அந்த மின்னஞ்சலை அனுப்பத்தக்கதாக எழுது. பத்து வரிக்குள். முதல் வரைவில் எல்லாரும் கோபப்படுவார்கள், அல்லது 'தயவுசெய்து பரிசீலிக்கவும்' என்று கெஞ்சுவார்கள். இரண்டும் குப்பைக்குப் போகும் என்று காட்டிவிட்டுத் திருத்தச் சொல்வேன். என்ன பார்த்தோம், என்ன தெரியாது, தெரிந்துகொள்ள என்ன வேண்டும், எப்போதைக்குள், கிடைக்காவிட்டால் என்ன ஆகலாம், யாருக்கெல்லாம் நகல் போகிறது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பெரிய சண்டை. நகலில் யார் பெயரைப் போடுவது என்பதற்கே ஒரு முழு வகுப்பு போனதுண்டு. அது வீணான வகுப்பு இல்லை.

நல்லவிதமாக முடிந்த உதாரணம் எதுவும் இல்லையா?

நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். கட்டி முடித்தபின், 1978-ல், அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் தன் வடிவமைப்பிலேயே குறையைக் கண்டார். காற்று மூலைவாட்டத்தில் அடித்தால் இணைப்புகளில் விசை கூடும். வெல்டிங் செய்ய வேண்டிய இடத்தில் போல்ட் போட்டிருந்தார்கள். உரிமையாளரிடம் தானே போய்ச் சொன்னார். இரவு இரவாக எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து சரிசெய்தார்கள்.

ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். அந்த வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. விஷயம் வெளியே வர 1995 ஆனது. இவரை முன்மாதிரி என்பதா, பாதி முன்மாதிரி என்பதா என்று விடுங்கள், மணி அடிக்கும்வரை பேசுவார்கள். நான் பாதிப் பக்கம்.

தொழில்முறை நடத்தை என்றால் உடை, நேரம் தவறாமை, ஆங்கிலம் தானே?

வேலைவாய்ப்புப் பயிற்சியில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஷூ பாலிஷ் போடுவதில் தப்பில்லை. ஆனால் தனக்குத் தெரியாத வேலையை 'எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேளுங்கள்' என்று சொல்ல முடிவதுதான் தொழில்முறையின் அடிப்படை. நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்யும் பயிற்சி இதற்கு நேர் எதிராகப் பழக்குகிறது.

பட்டம் பெறும்போது உறுதிமொழி எடுக்க வைத்தால் பயன் உண்டா?

கனடாவில் 1925 முதல் பொறியியல் பட்டதாரிகளுக்கு ஓர் உறுதிமொழிச் சடங்கில் இரும்பு மோதிரம் அணிவிக்கிறார்கள். வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் போடுவது வழக்கம். எழுதும்போதும் வரையும்போதும் தாளில் உரசும். 1907-ல் இடிந்து 75 தொழிலாளர்களைக் கொன்ற கியூபெக் பாலத்தின் இரும்பில் முதல் மோதிரங்களைச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையில்லை. உண்மையில்லாத கதையை அறச் சடங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒரு வேடிக்கை. உறுதிமொழியால் கெடுதல் இல்லை. பாடத்துக்குப் பதிலாக அதை வைக்காதவரை.

தேர்வும் மதிப்பெண்ணும் எப்படி?

'பொறியாளரின் கடமைகள் ஐந்தினை விவரி' என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். ஒரு சூழலைக் கொடுத்து, என்ன முடிவெடுப்பாய், உன் முடிவுக்கு எதிரான வலுவான வாதம் எது என்று கேளுங்கள். முடிவுக்கு மதிப்பெண் கிடையாது; எதிர்வாதத்தை நேர்மையாக எழுதியதற்கு உண்டு. ஆசிரியருக்குப் பிடித்த பக்கத்தை மோப்பம் பிடித்து எழுதும் வேலை இதில் நடக்காது. விடைத்தாள் திருத்த இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதை மறைக்க விரும்பவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருகிறார்களே என்றால், வாயால் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தனிப் பாடமாக வைப்பதா, எல்லாப் பாடத்திலும் கலப்பதா?

இரண்டும் வேண்டும். கலப்பது மட்டும் என்றால் யாரும் நடத்த மாட்டார்கள். தனிப் பாடம் மட்டும் என்றால் அறம் என்பது புதன்கிழமை மூன்றாம் பீரியடில் மட்டும் தேவைப்படுவது என்றாகிவிடும். கான்க்ரீட் வடிவமைப்பு நடத்துகிறவர் பாதுகாப்புக் காரணி ஏன் 1.5 என்று விளக்கும் இடத்தில் பத்து நிமிடம் இதைப் பேசினால், அது என் ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

நாம் ஒழுங்காக இல்லாமல் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். நான் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தபோது ஆய்வுக் குழு வரப்போகிறது என்று, நடக்காத சில கூட்டங்களின் குறிப்பேட்டில் பழைய தேதி போட்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். நானும் நோட்டை நீட்டியவன்தான். அடுத்த வாரம் நான் ஹயாட் ஓட்டலின் கையெழுத்துக் கதையை உருக்கமாகச் சொல்லி முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், போன வாரம் நாங்கள் போட்டது எந்தக் கணக்கில் சேரும்?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை.

என்ன சொல்ல? அது பொய்க் கையெழுத்து, வாங்கியது தப்பு என்று சொன்னேன். மீதி வகுப்பில், துறைத்தலைவருக்கு நான் எழுத வேண்டிய கடிதத்தை அவர்களையே எழுதச் சொன்னேன். பத்து வரிக்குள், அதே விதிகளோடு. நன்றாக இருந்த ஒன்றைக் கொஞ்சம் திருத்தி என் பெயரில் கொடுத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். அந்தப் பக்கங்கள் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தப் பாடம் எனக்குத் தரப்படவில்லை. அதற்கடுத்த ஆண்டு, எடுக்க வேறு ஆள் இல்லாததால், மறுபடி என்னிடமே வந்தது.